ஒரு பிஸ்கட் டப்பா அளவு மொளகூட்டல்

மாதுங்கா, பம்பாய்.
28-7-1945, சனிக்கிழமை.

சிரஞ்சீவி நாணுவுக்கு அம்மா விசாலாக்ஷி ஆசீர்வதித்து எழுதுவது. நான் க்ஷேமம். இதை எழுத உட்காரும்போது காலை ஏழு மணி, மழை, காப்பி ஆகிவிட்டது, முழங்கால் வலி இல்லை. முதல் வரியில் க்ஷேமம் என்று எழுதிவிட்டு நாலாம் பக்கத்தில் வயிற்றுவலியை ஆரம்பிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் க்ஷேமத்தைப் பற்றி நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். 'சௌக்கியம்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது? இளைத்திருக்கிறாயா, இருமல் உண்டா, கம்பளிச் சட்டை முழங்கையில் கிழிந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. கடிதத்தைப் படம் பிடித்து உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறார்களே, இந்த யுத்தத்தில் எத்தனையோ உபத்திரவம் வந்தது, இது ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று படித்தேன். அந்தப் பம்பு கம்பெனிக்காரர்கள் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், ஆகஸ்டு முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், 'அம்மா சரி என்றால் போடுகிறேன், வா என்றால் கப்பலில் இடத்துக்கு எழுதிவைக்கிறேன்' என்று கேட்டிருக்கிறாய். அதற்கு என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் வரும். எதையும் முறையாகச் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்களை முழங்காலில் நிற்கவைத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆகையால் நடந்ததெல்லாம் நடந்த வரிசையில் வரும். நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. தாவுவாய். ஐந்து வயசிலேயே புஸ்தகத்தைப் பின்னாலிருந்து படித்தவன் நீ.

அதே கடிதத்தில் அங்கே சீமையில் சாப்பாடெல்லாம் பொடி என்று எழுதியிருந்தாய். பால் பொடி, உருளைக்கிழங்குப் பொடி, அப்புறம் முட்டைப் பொடி. மூன்றாவதாக எழுதியதை நான் படிக்கவில்லை. அந்த இடத்தில் பூதக்கண்ணாடி சரியாகத் தெரியவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி. 'அம்மா, இளவன் மொளகூட்டல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது. பெயர் ஞாபகம் இருக்கிறது, ருசி ஞாபகம் இல்லை.' படித்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தேன். சமையல் உள்ளுக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன். அவ்வளவுதான். அழவில்லை.

அந்த வாரமே தெருக்கோடி வீட்டுத் திருவேங்கடம் வந்தான். உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்போது டாக்டர், மேல்படிப்புக்காக நீ இருக்கும் ஊருக்கே வருகிறான். கப்பலில் இடம் கிடைத்துவிட்டதாம். கையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா.

"மாமி, நாணுவுக்கு இது நிறைய எது வேணும்னாலும் குடுங்கோ, எடுத்துண்டு போறேன். ஆனா மூணு கண்டிஷன். ஒழுகப்படாது, மணக்கப்படாது, கெட்டுப்போகப்படாது" என்றான்.

ஒழுகாத, மணக்காத, கெடாத பதார்த்தம் என்றால் அது கருங்கல் ஒன்றுதான். மற்ற தாயார்கள் ஊறுகாயும் முறுக்கும் அனுப்புவார்கள். நீ முறுக்கா கேட்டாய்? பருப்பும் தேங்காயும் சேர்த்த இளவன் கூட்டு கேட்டாய். பூசணிக்காய் என்று இங்கே எல்லாரும் சொல்கிற அந்த வெள்ளைக் காயில் இருப்பது முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் மீதி டப்பாவுக்குள் அடங்கும். எடுப்பது எப்படி? வெயில் இருந்தால் மொட்டை மாடியில் ஒரு வேஷ்டியை விரித்துப் போட்டுவிட்டுக் காக்கைக்குக் காவல் உட்காரலாம். ஜூலை மாதத்துப் பம்பாயில் வெயிலுக்கு எங்கே போவது? இங்கே சுவரே வேர்த்துக்கொண்டிருக்கிறது. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, குளம் இருக்கிறது.

அப்போதுதான் கோட்டைப் பக்கத்து நடைபாதைப் புஸ்தகக் கடையில் எப்போதோ வாங்கிப்போட்ட ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் ஒவ்வொரு குடும்ப ஸ்திரீயும் வீட்டிலேயே காய்கறி உலர்த்தும் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று படம் போட்டு அளவோடு எழுதியிருந்தார்கள். மரப்பெட்டி, அடியில் நாலு மின்சாரப் பல்பு, அதற்கு மேல் ஐந்து தட்டு, உச்சியில் ஆவி போக ஓட்டை. பல்பின் சூடு மேலே ஏறும், காயின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை வழியே போகும். 'சிறு குழந்தைகூடச் செய்யலாம்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை எழுதியவளைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றிருக்கிறேன்.

பாத்திரம் தேய்க்க வருகிற ஆறுமுகத்தாயை உனக்குத் தெரியாது; நீ போன பிறகு வந்தவள். தாராவியிலிருந்து வருகிறாள். அவள் அண்ணன் இசக்கிப்பாண்டி தேயிலைப் பெட்டிப் பலகையில் ட்ரங்குப் பெட்டி செய்கிறவன். அவனை அழைத்துவந்தாள். பத்திரிகையில் இருந்த படத்தைக் காட்டினேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"என்னம்மா இது, கோழி அடைவைக்கிற பொட்டியா? மாஹிம்ல ஒரு பார்சிக்காரர் வீட்டுல பாத்திருக்கேன். பல்பு போட்டா இருவத்தோரு நாள்ல குஞ்சு பொரிச்சிரும். ஆனா உங்க ஆளுவ கோழி திங்க மாட்டாவளே?"

"கோழியும் இல்லை, முட்டையும் இல்லை. பூசணிக்காய் காயவைக்க."

"பூசணிக்காயா? பூசணிக்காய பொட்டிக்குள்ள வச்சி, அதுக்கு லைட்டும் போட்டு..." என்று இழுத்துத் தங்கையைப் பார்த்தான்.

ஆறுமுகத்தாய்க்கு ரகசியம் பேச வராது. "அம்மா இங்கிலீசு படிச்சவிய. சொன்னதச் செய்யி. கேள்வி கேட்டா இன்னொரு பொட்டி செய்யச் சொல்லிருவாவ" என்றாள்.

நன்றாகத்தான் செய்தான். ஒரு தட்டு மட்டும் கால் இஞ்சு குறைவு. அதைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னேன். "கால் இஞ்சிக்குப் பூசணிக்கா சண்டை போடுமாம்மா?" என்று கேட்டான். "நான் போடுவேன்" என்றேன். தட்டு மறுநாள் சரியாக வந்தது.

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். பெட்டிக்குள் நூற்றைம்பது டிகிரி சூடு இருக்கவேண்டும் என்று பத்திரிகை சொல்கிறது. வீட்டில் இருந்தது ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். அது நூற்றுப்பத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை அம்மா யோசிக்கவில்லை என்று நினைக்காதே. யோசித்தேன். மீதி நாற்பது டிகிரியைக் கையால் தொட்டு அனுமானித்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். பதினோரு பவுண்டு இளவனை பத்திரிகையில் போட்டிருந்த மாதிரி ஒரே கனத்தில் அரிந்து தட்டுகளில் பரத்தி, ஜுரக்குழாயை மேல் தட்டில் படுக்கவைத்து, நாலு பல்பையும் போட்டுவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நூறு. நூற்றுமூன்று. நூற்றுமூன்றில் நீ எட்டு வயசில் நாலு நாள் கிடந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நூற்றெட்டைத் தாண்டியபோது, அது வெறும் பூசணிக்காய் என்று தெரிந்தும், எழுந்துபோய் ஈரத் துணி நனைத்துக்கொண்டு வந்தேன். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பாதரசம் முத்து முத்தாகத் தட்டு முழுவதும் ஓடிற்று. பதறிப்போய்ப் பல்பை அணைக்கப் போனவள், ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று நானே இசக்கிப்பாண்டிக்குப் பிரசங்கம் பண்ணியிருந்ததால், ஒரு குடைக் காம்பால் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. கட்டடம் முழுவதும் ஃப்யூஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ரேடியோ ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. பதினோரு பவுண்டும் குப்பைக்குப் போயிற்று. திருவேங்கடம் அவன் காலேஜிலிருந்து முழ நீளத்தில் ஒரு குழாய் கொண்டுவந்து கொடுத்தான். "மாமி, இது கொதிக்கிற தண்ணிக்கே தாங்கும். குடையை மட்டும் கிட்டக்க கொண்டுபோகாதேங்கோ" என்றான். உன் சிநேகிதனுக்கு வாய் கொழுப்பு குறையவில்லை.

இரண்டாவது தடவை நடந்ததைச் சுருக்கமாக எழுத முடியாது. காயவைக்கும் முன்பு துண்டங்களுக்குக் கந்தகப் புகை காட்டினால் நிறம் வெளுப்பாக இருக்கும், இதைத் திறந்த இடத்தில் செய்யவும் என்று பத்திரிகையில் இருந்தது. மழை கொட்டும்போது திறந்த இடத்துக்கு எங்கே போவது? நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான வராந்தா இருக்கிறதே, அதைத் திறந்த இடம் என்று தீர்மானித்தேன். பக்கத்து வீட்டில் இப்போது சுப்ரமணியன் என்று ஒருவர், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவர் சம்சாரம் சுப்புலக்ஷ்மி. நம் பாலக்காட்டுப் பக்கம்தான், நல்ல மாதிரி. அன்று அவர்கள் வீட்டில் அவருடைய அப்பாவுக்கு ஸ்ராத்தம். அது எனக்குத் தெரியும். ஆனால் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் ஓர் இஞ்சு இடைவெளி உண்டு. தட்டில் கால் இஞ்சுக்குச் சண்டை போட்டவள் அந்த ஓர் இஞ்சை அளக்கவில்லை. கரித்துண்டில் ஒரு ஸ்பூன் கந்தகத்தைப் போட்டு, இளவன் தட்டுகளோடு சேர்த்து ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே வந்ததும் பெட்டியில் ஒரு பக்கத்துப் பலகை விட்டிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. சரி, கொஞ்சம் புகைதானே என்று இருந்துவிட்டேன்.

அங்கே அப்போதுதான் இரண்டு பிராமணர்களும் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்ராத்தத்தில் சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து பேசக்கூடாது, நடுவில் எழுந்திருக்கவும் கூடாது. எழுந்தால் பித்ருக்களுக்குப் போய்ச் சேராது, வருஷம் முழுவதும் குறை. கதவுக்கு அடியில் புகை வந்திருக்கிறது. பெரியவர் கையை ஆட்டியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிறார் என்று சுப்புலக்ஷ்மி ரசம் பரிமாறியிருக்கிறாள். அவர் இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறார். இரண்டு கரண்டி பரிமாறியிருக்கிறாள். இளையவருக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஜலம். அதைப் பார்த்த சுப்ரமணியன், தன் அப்பாவின் குணத்தை நினைத்துத்தான் அவர் உருகுகிறார் என்று எடுத்துக்கொண்டு, தானும் விசும்ப ஆரம்பித்திருக்கிறார். அவருக்கும் கண் எரிந்திருக்கும், பாவம், பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் மோர் வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட சிரத்தை இந்தக் காலத்தில் அபூர்வம். சாப்பிட்டு முடித்த க்ஷணம் இரண்டு பேரும் மாடிப்படியில் ஓடினார்கள். ஆசீர்வாதத்தைத் தெருவில் நின்றுகொண்டு மேலே பார்த்துச் சொன்னார்கள்.

சுப்புலக்ஷ்மி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் கதவைத் தட்டினாள்.

"என்னாக்கும் மாமி இது? என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"இளவனை வெளுக்கப் பண்ணிண்டிருக்கேன்டீ."

"இளவன் வெளுப்புத்தானே மாமி?" என்றாள்.

நாணு, நான் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அமெரிக்காவில் யாரும் கேட்டிருக்கவில்லை.

பண்ணின அபசாரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே. நாலு நாளாக ஈரமாகவே கொடியில் தொங்குகிற அவர்கள் வீட்டு மடி வேஷ்டியை என் பெட்டியில் உலர்த்தித் தருகிறேன் என்றேன். அதற்கு ஒரு மணி நேரம் விசாரணை. மடித் துணி யாரும் தொடாமல் உலர வேண்டும். பெட்டியைத் தாராவி ஆசாரி தொட்டிருக்கிறான், போகட்டும், மரம் கழுவிவிடலாம்; கரண்ட் எங்கேயெல்லாமோ, யார் யார் வீட்டிலெல்லாமோ புகுந்து வருகிறதே, அது தொட்டால் விழுப்பு இல்லையா என்று சுப்புலக்ஷ்மி கேட்டாள். "கரண்ட் யாரையும் தொடறதில்லைடீ. தொட்டிருந்தா அவா வந்து சொல்லவும் மாட்டா" என்றேன். சுப்ரமணியன் நாலு நாள் ஈர வேஷ்டியோடு பூஜை பண்ணினவர். அவருக்குச் சாஸ்திரத்தில் அன்று அவ்வளவு பிடிவாதம் இல்லை. "மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். போடு" என்றார். முக்கால் மணியில் வேஷ்டி அப்பளம் மாதிரி வந்தது. அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அதோடு போயிற்று என் நிம்மதி. மறுநாள் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நமத்துப்போன அப்பளக் கட்டு, நெருப்புப் பெட்டி, பள்ளிக்கூட பூட்ஸு, மழையில் நனைந்த ரயில்வே ஆபீஸ் பைல் ஒன்று, மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மிருதங்கம். தோல் தொய்ந்து சத்தமே வரவில்லையாம். மிருதங்கம் பெட்டிக்குள் நுழையவில்லை; வித்வான் பெட்டியைக் கொஞ்சம் அகலப்படுத்த முடியுமா என்று கேட்டார். நான் ஒழுங்கு இல்லாமல் எதையும் நடத்தமாட்டேன். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன்: காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை காய்கறி, பன்னிரண்டு முதல் இரண்டு வரை மடி, இரண்டு முதல் நாலு வரை இதரம், காலுறைகளுக்கு அனுமதி இல்லை. ஒருவரும் படிக்கவில்லை. மூன்றாவது தடவை இளவன் அழகாகக் காய்ந்து, எடுத்து முகர்ந்தால், ரயில்வே ஆபீஸ் வாசனை அடித்தது. அடித்தட்டின் கீழே, பல்புக்குப் பக்கத்தில், சுப்ரமணியனுடைய காலுறை இரண்டு சுருண்டு கிடந்தன. கேட்டால், "காலுறை காய்கறி டயத்திலேதான் மாமி நன்னா காயறது" என்கிறார். இந்த மனுஷரா ஸ்ராத்தத்தில் அழுதார் என்று இருந்தது.

ஒன்று எழுதத் தோன்றுகிறது. ஆறு வருஷமாக இந்த வீட்டுக் கதவைப் பால்காரனும் தபால்காரனும் ஆறுமுகத்தாயும் தட்டினால் உண்டு. இந்த இரண்டு வாரத்தில் நாள் முழுவதும் யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். கை வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து போனேன். பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்துவிட்டன, பட்டாளத்துப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறார்கள் என்று பேப்பரில் போடுகிறானே, அதனால் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் யாராவது ஒருவருடைய ஈர வேஷ்டி நிற்கும்.

ஆறுமுகத்தாய் போன திங்கட்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஏம்மா, தம்பி அங்கன பூசணிக்கா திங்கதுக்கா இம்புட்டுப் பாடு? தம்பிய இங்க வரச் சொன்னா முழுக்காயா திங்கும்லா?" என்றாள்.

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கிய" என்றாள். தாராவிக்காரிக்கு வாய் நீளம். ஆனால் பாத்திரம் பளிச்சென்று இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, யார் தட்டினாலும் திறப்பதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்து நாலாவது இளவனை அரிந்தேன். நாலு தடவை திறந்தேன். இருந்தாலும் உள்ளே ஒன்றையும் விடவில்லை. பதினோரு பவுண்டுக் காய், தோலும் கொட்டையும் போக எட்டு பவுண்டு, கந்தகம் இல்லை. வேகவைத்த துவரம் பருப்பை இரண்டு தட்டில் மெழுகினாற்போல் தடவினேன். செவ்வாய் பகல் முழுவதும் ஓடிற்று. புதன்கிழமை காலையிலும் ஓடிற்று. கொப்பரைத் துருவலும் சீரகமும் கறிவேப்பிலையும் தனியாக வறுத்து இடித்துக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம் எட்டு பவுண்டு இளவன் ஆறு அவுன்ஸாக நிறுவையில் உட்கார்ந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி, ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. கையில் எடுத்தால் கனமே இல்லை. அதைப் பார்த்தபோது உன் பழைய கடிதங்களை நினைத்துக்கொண்டேன். முதல் வருஷம் எட்டுப் பக்கம் எழுதுவாய், தெருப்பெயர், டிராம் நம்பர், என்ன பறவை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது என்பது வரைக்கும். இப்போது உள்ளங்கை அளவு. ஆறு அவுன்ஸுதான் வருகிறது. குறை சொல்லவில்லை. வேலை இருக்கும்.

பருப்பையும் பொடியையும் அதோடு கலந்து, டப்பாவில் மூன்று அடுக்காகக் காகிதம் வைத்துக் கட்டியாயிற்று. ஒழுகாது, மணக்காது, கெடாது. ஒரு பிடியை எடுத்து இரண்டு கப் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, உப்பு சேர்த்து, மூடிவைத்துக் கால் மணி நேரம் காத்திருக்கவும். நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. கடுகு தாளிக்க எண்ணெய் ரேஷனில் இல்லையென்றால் கொஞ்சம் வெண்ணெய்க்கு உன் வீட்டுக்கார அம்மாளைக் கேட்டுப்பார். அவள்தான் ரொம்ப நல்லவளாயிற்றே. ஒரே கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறாய். பூதக்கண்ணாடியில் மூன்று தடவையும் நன்றாகத் தெரிந்தது. புதன்கிழமையே நானும் ஒரு பிடி போட்டுப் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதைப்பற்றி அதிகமாக எழுத ஒன்றும் இல்லை.

இனி உன் கேள்விக்குப் பதில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நல்ல கம்பெனி, நல்ல பதவி, உன் அப்பா இருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார். ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்கு நடுவில் தாயார் நாற்காலி போட்டு உட்காரக்கூடாது. மூன்று வருஷம் பெரிதில்லை. ஆறு வருஷம் போயிற்றே, எப்படிப் போயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இது அதில் பாதிதான். எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. பக்கத்தில் மனுஷர்கள் இருக்கிறார்கள், ஆறுமுகத்தாய் இருக்கிறாள், பெட்டி இருக்கிறது. அடுத்த மாதம் பாகற்காய் போடலாம் என்றிருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் ஒவ்வொரு டப்பாவாகக் கொடுத்தனுப்புகிறேன். நீ எனக்காக எதையும் விட்டுவிட்டு வரவேண்டாம். இதைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

சுப்ரமணியனும் சுப்புலக்ஷ்மியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். உன்னை அவர்கள் பார்த்ததில்லை, இருந்தாலும் உன் உலர்ந்த இளவனோடு இரண்டு வாரம் பழகியிருக்கிறார்கள். இசக்கிப்பாண்டி, பெட்டி எப்படி வேலை செய்தது என்று தம்பி ஒரு வரி எழுதினால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன் என்கிறான். வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். ஈரக் காலுறையோடு இருக்காதே. எங்கே இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மனசு நிறைய நித்திரை செய்து, உன் அப்பா பெயரைச் சொல்லும்படி நீ நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்ளும்,

உன் அம்மா,
விசாலாக்ஷி.

பி.கு.: மணி பத்தே கால். திருவேங்கடம் வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இதை எழுதியாக வேண்டும். 'கையெழுத்துப் போடு' என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை நான் அடித்துவிடலாம்தான். ஆனால் என் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. ஆகையால் அந்தப் பத்தியை நீயே அடித்துக்கொள், பேனாவால், நேர் கோடாக.

புதன்கிழமைப் பரீட்சையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்றேன். இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தேன். அதேதான், நாணு. துண்டு துண்டாக, பளபளவென்று, நடுவில் உடையாமல், சீரகமும் தேங்காயும் முகத்தில் அடித்தது. இலை போடவில்லை, உட்காரவும் இல்லை; அடுப்பு மேடைப் பக்கத்தில் நின்றபடியே, கரண்டியால், நானா என்று கேட்காதே, ஆமாம், கரண்டியால் பூராவும் சாப்பிட்டேன். ஒரு குறை இல்லை. உப்புக்கூடச் சரி. சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த ருசி ஒரு பிஸ்கட் டப்பாவில் அங்கே வந்து சேர்ந்துவிடும் என்றால், மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும் என்றால், அப்புறம் எதற்காக நீ வருவாய்? மறந்துபோன ருசி ஒன்று பாக்கி இருக்கிறது என்றால்தானே ஒருத்தன் கப்பல் ஏறுவான்? இரண்டு நாளாக டப்பாவை நூலால் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன்.

கப்பலில் இடத்துக்கு எழுதிவை. இன்றே எழுது. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று எழுது, இந்தத் தடவை பெரிய எழுத்தில்.

திருவேங்கடம் எழுந்துவிட்டான். "டப்பா எங்கே மாமி? நேரமாச்சு" என்று கேட்கிறான். "இன்னும் காயலைடா, கடிதத்தை மட்டும் எடுத்துண்டு போ" என்று சொல்லிவிட்டேன். டப்பா என் மடியில் இருக்கிறது, புடவைத் தலைப்புக்கு அடியில். உன்னைப் பார்க்கும்போது அவனும் அப்படியேதான் சொல்வான். நம்பாதே. அது புதன்கிழமையே காய்ந்துவிட்டது.